தையல் மெஷின் திருத்தப் பழக ஒரு சனிக்கிழமை வகுப்பு: வெள்ளவத்தையில் ஓய்வுபெற்றவர்கள் நடத்தும் இலவசப் பயிற்சி எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு பொது மண்டபத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலையில் மூன்று மேசை போடுகிறார்கள். ஒன்றில் தையல் மெஷின் திருத்தம், அடுத்ததில் சிறு வியாபாரக் கணக்கு, மூன்றாவதில் வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். கட்டுநாயக்க, இரத்மலானைப் பக்கத்து கார்மென்ட் தொழிற்சாலைகளில் மெக்கானிக்காக இருந்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள், அரசாங்க அலுவலகங்களில் இருந்தவர்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. பழக வருகிறவர்களிடமும் காசு வாங்குவதில்லை.

மெஷின் மேசைக்காக மட்டும் என்றாலும் வெள்ளவத்தை வரை பஸ் ஏறலாம். கணக்கு மேசைக்குக் கையில் ஒரு கேள்வியோடு போனால்தான் பலன். மூன்றாவது மேசையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மெஷின் மேசையில் நான்கு மெஷின்கள். மூன்று, வீடுகளில் காணும் பழைய கறுப்பு மெஷின் வகை. கீழ் நூல் சுற்றிய பொபினைப் பிடிக்கும் கூடான பொபின் கேஸைப் பக்கத்தால் கழற்றும் வகை. நான்காவது, தொழிற்சாலையில் ஓடிய நேர்த்தையல் மெஷின். ஒரு மெஷினுக்கு மூன்று பேர் என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடு சரியானது. நான்காவது ஆள் வந்தால் அவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

இந்த மேசையின் பலமே, குறையைத் தேடும் ஒழுங்கைப் பழக்குவதுதான். தையல் கோளாறு என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் ஸ்க்ரூவில் கை வைப்பார்கள். இங்கே அது நடக்காது. “தம்பி, ஸ்க்ரூவைத் தொடாத. முதல்ல ஊசியை மாத்திப் பார்” என்பதுதான் முதல் பாடம். ஊசி, நூல் கோர்த்த வழி, பொபின், பஞ்சு, எண்ணெய், டென்ஷன் (நூலின் இறுக்கம்), கடைசியாகத்தான் டைமிங் (ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம்) என்று வரிசை. முதல் நாலைந்து படியிலேயே பெரும்பாலான கோளாறு தீர்ந்துவிடும். டைமிங் வரை போகவேண்டிய மெஷின் குறைவு.

ஊசியிலேயே அரை மணித்தியாலம் போகிறது, அது வீணான நேரமில்லை. வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டை. தொழிற்சாலை ஊசியின் தலை முழு உருளை, மெல்லியது. கடையில் ‘14ஆம் நம்பர் ஊசி’ என்று மட்டும் கேட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். தொழிற்சாலை ஊசியை வீட்டு மெஷினில் போட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் அது பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் கீழே ஊசியிலிருந்து நூலை வாங்கும் கொக்கி அதைப் பிடிக்காது, தையல் விட்டுவிட்டு விழும். ஆகவே நம்பரோடு வகையையும் சொல்லவேண்டும்: வீட்டு மெஷினுக்கு எச்ஏ × 1, தொழிற்சாலை நேர்த்தையலுக்கு டிபி × 1. மெல்லிய வொயில், சாரி பிளவுஸுக்கு 11, சாதாரண பருத்திக்கு 14, டெனிமுக்கு 16 அல்லது 18. இழுபடும் துணிக்கு முனை உருண்ட ஊசி. சாதாரண ஊசியால் தைத்தால் இழை அறுந்து ஓட்டை தெரியும்.

மாட்டும் விதத்தைக் கையால் காட்டுகிறார்கள். ஊசியில் நீளப் பள்ளம் ஓடும் பக்கத்தால்தான் நூல் உள்ளே போகவேண்டும். தட்டைப் பக்கம் கொக்கியைப் பார்த்திருக்கவேண்டும். ஊசி மேலே முட்டும் வரை ஏறவேண்டும். ஒரு மில்லிமீட்டர் இறங்கி நின்றாலும் கொக்கி நூல் வளையத்தைத் தவறவிடும். வளைந்த ஊசியைக் கண்டுபிடிக்க, தட்டைப் பக்கத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து இடைவெளியைப் பார்க்கிறார்கள். முனை நேராக இருந்தால் கண்ணாடிக்கும் ஊசிக்கும் நடுவே வெளிச்சம் ஒரே அளவில் தெரியும்.

அடுத்தது, துணியின் அடியில் நூல் கூடு கட்டுவது. கீழே நூல் குவிந்தால் கீழ் நூலில்தான் குறை என்று நினைத்து பொபின் கேஸ் ஸ்க்ரூவைத் திருப்புகிறவர்கள் அநேகர். குறை மேல் நூலில். அது டென்ஷன் தட்டுகளின் நடுவே உட்காரவில்லை, அல்லது வழியில் நூலைத் தாங்கும் கம்பி வளைவு ஒன்றைத் தவறவிட்டிருக்கிறது. நூல் கோர்க்கும்போது அமுக்குப் பாதம் மேலே தூக்கியிருக்கவேண்டும், அப்போதுதான் தட்டுகள் திறந்திருக்கும். கோர்த்தபின் பாதத்தை இறக்கி நூலை இழுத்தால் கைக்கு இறுக்கம் தெரியவேண்டும். பாதத்தைத் தூக்கினால் லேசாக வரவேண்டும். இரண்டு நிலையிலும் லேசாக வந்தால் நூல் தட்டுக்கு வெளியே கிடக்கிறது, அல்லது தட்டுக்குள் பழைய நூல் துண்டு சிக்கியிருக்கிறது.

பொபின் கேஸை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத் தொங்கவிடச் சொல்கிறார்கள். பொபினைப் போட்டு, நூலை ஸ்பிரிங்குக்குக் கீழால் எடுத்து, நூல் நுனியைப் பிடித்துத் தூக்கினால் கேஸ் அப்படியே நிற்கவேண்டும். மணிக்கட்டை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்கவேண்டும். தானாகவே விழுந்துகொண்டு போனால் தளர்வு. உதறினாலும் அசையாவிட்டால் இறுக்கம். திருத்தும்போது ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது. அதற்கும் முன்னால், ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று ஒரு கடுதாசி மூலையால் வழித்துப் பார்க்கவேண்டும். பஞ்சை எடுத்தபின் ஸ்க்ரூவைத் தொடவே தேவையிருக்காது என்பது அடிக்கடி கண்டது.

பொபினிலும் ஒரு சிக்கல் உண்டு. பதினைந்தாம் வகைப் பொபினின் பக்கம் தட்டை, அறுபத்தாறாம் வகையின் பக்கம் சற்றுப் புடைத்தது. பார்வைக்கு ஒரே அளவு. மாற்றிப் போட்டால் கேஸுக்குள் உரசி, நூல் விட்டுவிட்டு இழுபடும். புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பெயரை நம்பாமல் பழைய பொபினையே கையில் கொண்டுபோகவேண்டும் என்று மாஸ்டர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

இனி எண்ணெய். கொழும்பு வீடுகளில் கிடக்கும் இறுகிய மெஷின்களில் பாதிக்குத் தேங்காயெண்ணெய்தான் காரணம் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும். போட்ட அன்றைக்கு மெஷின் நன்றாகத்தான் ஓடும். மாதங்கள் போக அது காற்றுப்பட்டுத் தடித்து, தூசியும் பஞ்சும் சேர்ந்து பிசினாகிவிடும். அப்படி இறுகிய மெஷினுக்கு இங்கே செய்வது இதுதான்: மோட்டர் இருந்தால் பிளக்கைக் கழற்றி பெல்ட்டை எடுக்கிறார்கள். எண்ணெய்த் துளைகளிலும், இடப்பக்கத் தகட்டைக் கழற்றித் தெரியும் மூட்டுகளிலும் சில துளி மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சில்லைக் கையால் முன்னும் பின்னும் சுற்றுகிறார்கள். வலுக்கட்டாயமாகச் சுற்றக்கூடாது. கறுத்த கசடு வெளியே வரும். சீலைத் துண்டால் துடைத்து, மறுபடி விடவேண்டும். சில்லு லேசானதும் மண்ணெண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு, வெள்ளைத் தையல் மெஷின் எண்ணெய் துளைக்கு ஒரு துளி, கொக்கி ஓடும் வளையத்துக்கு ஒரு துளி. மண்ணெண்ணெய் கழுவத்தான், உராய்வைத் தாங்காது. அதோடு விட்டால் உலோகம் தேயும். துரு கழற்றும் ஸ்பிரேக்கும் இதே கதைதான்.

எண்ணெய் விட்ட மெஷினில் அன்றைக்கே பாடசாலைச் சீருடை தைக்கக்கூடாது. ஒரு துண்டுத் துணியில் ஓட்டி, பாதத்தின் கீழ் அந்தத் துணியை வைத்து இரவு விட்டு, காலையில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கவேண்டும். வெள்ளைத் துணியில் எண்ணெய்ப் புள்ளி விழுந்தால் வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல முடியாது.

டைமிங் பாடம் கடைசியில் வருகிறது, அதுவும் அவசரமாக. கறுப்பு மெஷினில் பெரும்பாலும் ஊசித் தண்டின் உயரத்தைத்தான் சரிசெய்கிறோம். ஊசி கீழே முழுக்க இறங்கி, அங்கிருந்து சுமார் 2 மி.மீ. ஏறும்போது கொக்கி முனை ஊசியின் நடுவுக்கு வந்து, ஊசிக் கண்ணின் மேல் விளிம்புக்கு ஏறத்தாழ 1.5 மி.மீ. மேலே நிற்கவேண்டும். தொழிற்சாலை மெஷினில் கொக்கியையே தளர்த்தித் திருப்பலாம். அங்கே ஊசிக்கும் கொக்கி முனைக்கும் நடுவே 0.04 முதல் 0.1 மி.மீ. வரைதான் இடைவெளி. துணியை நகர்த்தும் பற்களின் உயரம், நடுத்தரத் துணிக்கு, தகட்டுக்கு மேலே 0.8 மி.மீ. அளவு. இதையெல்லாம் மாஸ்டர் கண்ணாலேயே வைத்துவிடுகிறார். பழகுகிறவருக்கு அந்தக் கண் இல்லை. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்றை வாங்கி மேசையில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெரிய செலவில்லை, ஏன் வைக்கவில்லை என்று தெரியவில்லை.

அனுபவசாலிகள் சொல்லிக்கொடுக்கும் எந்த இடத்திலும் உள்ள குறை இங்கேயும் இருந்திருக்கிறது: வாய் சொல்லுமுன் கை செய்துவிடும். முப்பது வருடம் மெஷினைத் திறந்தவருக்கு எது ஒரு படி, எது இரண்டு படி என்றே தோன்றாது. இதற்கு ஏற்பாட்டாளர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். மாஸ்டர் கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடையாது, பென்சில்தான். பென்சிலால் சுட்டிக்காட்டலாம், கழற்ற முடியாது. “அங்கிள், இதையா?” என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க அவர் விட்டுப்போன படியைத் தானே சொல்லவேண்டி வருகிறது. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு வெள்ளைத் தாளில் கழற்றிய வரிசைப்படி வைத்து நம்பர் எழுதுவது இன்னொரு பழக்கம். இந்த இரண்டையும் மற்ற இலவச வகுப்புக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

புதிய மெஷின் என்றால் இவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். திரையில் பிழை இலக்கம் காட்டும், மோட்டரும் தலையும் ஒன்றான தொழிற்சாலை மெஷினைப் பற்றிக் கேட்டால் “அது கொம்பனிக்காரனைக் கூப்பிடுங்கோ” என்றுதான் பதில். நேர்மையான பதில்தான். ஆனால் இன்றைக்குத் தொழிற்சாலையில் வேலை தேடுகிற பிள்ளைக்கு அது போதாது. வீட்டில் தைக்கிறவர்களுக்கும் சிறு கடைக்காரருக்கும்தான் இந்த வகுப்பு முழுதாகப் பொருந்தும். வேகத்தில் உள்ள வித்தியாசத்தையும் யாராவது சொல்லவேண்டும். வீட்டு மெஷின் நிமிடத்துக்கு ஆயிரம் தையல் அளவில் ஓடும், தொழிற்சாலை மெஷின் நாலாயிரத்தைத் தாண்டும். ஒன்றில் பழகிய எண்ணெய்க் கணக்கு மற்றதுக்குச் சரிவராது. தொழிற்சாலை மெஷினின் அடியில் எண்ணெய்த் தொட்டியே உண்டு.

மார்கழி கடைசியிலும் தையிலும் போகாதீர்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சீருடைத் துணி கொடுத்தபின், தையல்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டிமோதும் காலம் அது. நின்றுபோன மெஷினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து ‘இதைக் கொஞ்சம் பாருங்கோ ஐயா’ என்று இறக்குகிறவர்களால் வகுப்பு திருத்தகமாகிவிடுகிறது. சொந்தக்காரரே உட்கார்ந்து கழற்றவேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த நெரிசலில் விதி நிற்பதில்லை.

மின்சாரத்திலும் கவனம் தேவை. நான்கு மோட்டருக்கும் ஒரே நீட்டிப்பு வயர். சுமை பெரிதல்ல, வீட்டு மெஷின் மோட்டர் நூறு வாட் அளவுதான். ஆனால் வயர் நடக்கும் வழியில் தரையில் கிடக்கிறது, வயதானவர்கள் நடமாடும் இடத்தில். கால் மிதியின் வயர் உறை வெடித்திருந்தால் அந்த மெஷினை அன்றைக்கு ஓட்டுவதில்லை. கையால் சுற்றித்தான் பழக விடுகிறார்கள். அது நல்ல முடிவு. மோட்டர் பெல்ட்டை விரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் அளவு தாழவேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டர் சூடாகி மெதுவாகும். ‘மோட்டர் பழுது’ என்று வருகிற மெஷின்களில் இதையும் பார்க்காமல் விடக்கூடாது.

கணக்கு மேசைக்கு வருவோம். இங்கே இருக்கும் முன்னாள் வங்கிக்காரர்கள் முதலில் கேட்பது, ‘ஒரு உடுப்புக்கு எவ்வளவு நேரம் போகிறது?’ அதற்குப் பதில் இல்லாதவரிடம் மேலே பேசுவதில்லை. அவர்கள் போட்டுக்காட்டும் கணக்கின் மாதிரி இது: கடை வாடகையும் கரண்டும் மற்ற நிலைச் செலவும் சேர்ந்து மாதம் 36,000 ரூபா என்று வையுங்கள். மாதம் 24 நாள், நாளுக்கு உண்மையில் தைக்கும் நேரம் 6 மணித்தியாலம். மொத்தம் 144 மணித்தியாலம். ஆகவே மணித்தியாலத்துக்கு 250 ரூபா நிலைச் செலவு. 40 நிமிடத்தில் முடியும் சட்டையொன்று 167 ரூபா நிலைச் செலவைச் சுமக்கிறது. உங்கள் உழைப்புக்கு மணித்தியாலத்துக்கு 300 ரூபா வைத்தால் இன்னும் 200. நூல், பொத்தான், கொலருக்கு ஒட்டும் துணி சேர்க்குமுன்பே 367 ரூபா வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் 350 வாங்குகிறார் என்று நாமும் வாங்கினால் எங்கே ஓட்டை என்று அப்போதுதான் தெரியும். கடை திறந்திருக்கும் எட்டு மணித்தியாலத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் இதில் வழக்கமான பிழை. ஆட்களோடு பேசும் நேரமும், அளவெடுக்கும் நேரமும், வெட்டும் நேரமும் தைக்கும் நேரமல்ல.

ஆள் வைத்து வேலை செய்விப்பவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி இரண்டையும் தெளிவாகச் சொல்கிறார்கள். ஒரே ஒரு ஆள் வேலைக்கு இருந்தாலும் கட்டவேண்டும். சம்பளம் 40,000 என்றால் ஊழியரிடம் 8 வீதம் 3,200 கழிக்கலாம், முதலாளி 12 வீதம் 4,800 போடவேண்டும், ஆக 8,000. நம்பிக்கை நிதி 3 வீதம் 1,200, முழுக்க முதலாளியின் செலவு. அதை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் வராது, துண்டுக்கணக்கில் கொடுக்கும் கூலி வரும். அடுத்த மாதம் முடியுமுன் கட்டிவிடவேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம். துண்டுக்கூலிக்கு இதெல்லாம் இல்லை என்று நம்புகிற சிறு கடைக்காரர்கள் இந்த மேசையில் ஒரு முறையாவது உட்காரவேண்டும். குறை என்னவென்றால், எல்லாம் கொப்பியிலும் பேனையிலும்தான். தொலைபேசியில் கணக்கு வைக்கிற பிள்ளைகளுக்கு அங்கே வழிகாட்ட ஆள் இல்லை.

மூன்றாவது மேசையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அங்கே எழுதிக்கொடுக்கும் விண்ணப்பக் கடிதம் அரசாங்க அலுவலகத்துப் பழைய அச்சு. ‘கனம் ஐயா’வில் தொடங்கி ‘தங்கள் உண்மையுள்ள’வில் முடியும். தனியார் நிறுவனங்கள் எதிர்பார்ப்பது அதுவல்ல.

சான்றிதழ் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சான்றிதழ் கிடையாது. தேசிய தொழிற்தகைமை வேண்டுமென்றால், வேலையில் பழகிய திறமையையே சோதித்துத் தகைமை வழங்கும் வழி உண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில், அதாவது நைட்டாவில், உங்கள் தொழிலுக்கு அது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் இப்போதிருந்தே ஒரு ஃபைலில் சேர்த்துவையுங்கள். மெஷின் மேசையில் ஒவ்வொரு கிழமையும் செய்ததை எழுதி மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கும் ஒரு கொப்பி முறையை ஏற்பாட்டாளர்கள் தொடங்கினால், இந்த ஃபைலுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்றவர் ஒருவர் இங்கே சொல்லிக்கொடுக்க வர நினைத்தால், தெரிந்துகொள்ளவேண்டியவை சில உண்டு. பஸ் காசு கொடுக்கிறார்கள், தேநீரும் உண்டு. மண்டபம் கீழ்த்தளத்தில் என்பதால் படி ஏறத் தேவையில்லை. ஆனால் கதிரைகள் முதுகு சாயாத பிளாஸ்டிக் ஸ்டூல்கள், மூன்றரை மணித்தியாலத்துக்கு அது கஷ்டம். வெளிச்சமும் போதாது. ஊசிக் கண் மட்டத்தில் வேலை செய்கிற அறுபது, எழுபது வயதுக் கண்ணுக்கு மேசை விளக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்று வேண்டும். இப்போது நான்குக்கும் இரண்டுதான். மாஸ்டரின் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கேள்வியிருந்தால் ஏற்பாட்டாளர் வழியாக. சிலருக்கு இது இறுக்கமாகத் தெரியலாம், ஆனால் இரவு பத்து மணிக்கு ‘மாஸ்டர், நூல் அறுகிறது’ என்று அழைப்பு வந்து, மாதம் முடியுமுன் மாஸ்டரே வராமல் நின்றுவிடும் வகுப்புகள் கொழும்பில் புதிதல்ல.

போகிறவர்கள் கொண்டுபோகவேண்டியவை: உங்கள் மெஷினின் பொபின், பொபின் கேஸ், இப்போது போட்டிருக்கும் ஊசி, கோளாறு தெரியும்படி தைத்த ஒரு துண்டுத் துணி. அந்தத் துண்டில் மேல் நூலுக்கு ஒரு நிறமும் கீழ் நூலுக்கு வேறு நிறமும் போட்டுத் தையுங்கள். எந்த நூலில் குறை என்று மெஷினைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். மெஷினின் தலை கனம், முதல் நாளே தூக்கிக்கொண்டு போகவேண்டாம். காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஓடுகின்றன; ரயிலில் வந்தால் வெள்ளவத்தை நிலையத்திலிருந்து நடக்கலாம். காலை ஒன்பதுக்குத் தொடக்கம், ஒன்பதரைக்குப் பிறகு மெஷின் மேசையில் இடம் இருக்காது. சனிக்கிழமை போயா நாளாக வந்தால் வகுப்பு இல்லை.